மறுபடி எழுதச் சொல்வது எப்போது? மிஷன் பள்ளி ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிறிஸ்தவப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். சிஎஸ்ஐ பள்ளி, சேசு சபைப் பள்ளி, சலேசியர் பள்ளி, கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளி என எங்கே வேலை பார்த்தாலும் ஒரு கேள்வி வாராவாரம் வந்து நிற்கும். கட்டுரை நோட்டைத் திருத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாமா, இல்லை மறுபடி எழுதி வரச் சொல்லலாமா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் முறை எழுதியபோது கிடைக்காத ஒன்று இரண்டாம் முறையில் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் கேளுங்கள். தெரியாவிட்டால் கேட்காதீர்கள். இது எந்தப் பள்ளிக்கும் பொருந்தும். ஆனால் நம் பள்ளிகளில் கூடுதல் கவனம் வேண்டும். பாவம், மனந்திரும்புதல், மன்னிப்பு போன்ற சொற்கள் காலை ஜெபத்திலேயே பிள்ளைகளின் காதில் விழுகின்றன. அந்தச் சூழலில் சிவப்பு மையால் போட்ட ஒரு கோடு, "நீ தப்புப் பண்ணிட்ட" என்பதைவிடக் கனமாக ஒலிக்கும். இலக்கணப் பிழையைக் குற்றமாக உணர்கிற பிள்ளை அடுத்த தடவை தெரிந்த வார்த்தைகளை மட்டும் வைத்து, சின்னச் சின்ன வாக்கியமாக, பயந்து பயந்து எழுதும். பிழை குறையும். ஆங்கிலம் வளராது.

இம்போசிஷனையும் ஃபேர் காப்பியையும் தனியாகப் பிரித்துப் பாருங்கள்

'பிலீவ்' என்ற சொல்லுக்கு ஸ்பெல்லிங் தப்பாக எழுதியவன் அதை ஐம்பது தடவை எழுதி வர வேண்டும் என்கிற இம்போசிஷன் நம் பள்ளிகளில் பல தலைமுறைப் பழக்கம். எழுதுகிற பிள்ளையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் 'பி' என்ற எழுத்தை மட்டும் பக்கம் முழுக்க மேலிருந்து கீழே எழுதுவான். அப்புறம் மேலே போய் அடுத்த எழுத்தை அதே மாதிரி இறக்குவான். ஐம்பது வரியும் முடிந்திருக்கும், ஒரு தடவைகூட அந்தச் சொல்லை முழுதாக எழுதியிருக்க மாட்டான். இது மறுபடி செய்தல் கணக்கில் வராது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. வெட்கப்படுத்துவதற்காகக் கொடுக்கிற இம்போசிஷன் அந்தக் கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

ஃபேர் காப்பி பார்க்க நல்ல பிள்ளையாகத் தெரியும். ஆசிரியர் எல்லாப் பிழையையும் சரிசெய்து கொடுத்துவிடுவார், மாணவி அதைப் பார்த்து அழகான கையெழுத்தில் திரும்ப எழுதுவாள். யோசித்தது முழுக்க ஆசிரியர்தான். இன்ஸ்பெக்‌ஷனுக்கு நோட்டு அழகாக இருக்கும் என்பதைத் தவிர இதில் பலன் ஏதும் இல்லை.

சலேசியர் சபையைத் தொடங்கிய தொன் போஸ்கோ 1877-இல் தன் கல்விமுறையை எழுதியபோது அறிவு, சமயம், அன்பு என்ற மூன்றின்மேல் அதை நிறுத்தினார். 1906-இல் தஞ்சாவூருக்கு வந்த சலேசியர்கள் அதைத்தான் கொண்டுவந்தார்கள். அதில் அறிவு முதலில் வருவதைக் கவனியுங்கள். எதற்காக மறுபடி எழுதுகிறோம் என்ற காரணம் பிள்ளைக்குப் புரிந்திருக்க வேண்டும். "ஏன் மறுபடி எழுதுற?" என்று கேட்டால் "மிஸ் எழுதச் சொன்னாங்க" என்று பதில் வந்தால், நாம் சரியாகக் கேட்கவில்லை.

படி 1: என்ன வகைப் பிழை என்று பாருங்கள்

பிட் கார்டர் என்ற மொழியியலாளர் 1967-இல் ஒரு வேறுபாட்டை எடுத்துச் சொன்னார். தெரிந்திருந்தும் கை தவறி எழுதுவது ஒன்று. அந்த நிலையில் மாணவனுக்குள் இருக்கும் மொழி அமைப்பே அப்படி இருப்பதால் வருவது இன்னொன்று. நோட்டைத் திருத்தும்போது நமக்கு இதைவிட உதவுகிற வேறுபாடு கிடையாது.

கண்டுபிடிப்பது சுலபம். பிழை இருக்கும் வரிக்குக் கீழே பென்சிலால் கோடு மட்டும் போடுங்கள். என்ன பிழை என்று சொல்லாதீர்கள். நோட்டைத் திருப்பிக் கொடுத்து ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். "அய்யோ, எஸ் விட்டுட்டேன் மிஸ்" என்று அவனே சொல்லிவிட்டால் அது கைத்தவறு. அங்கேயே அடித்துத் திருத்தினால் போதும், வேறு எழுத்து வேலை வேண்டாம். விழித்துக்கொண்டு நின்றால், அது அவன் இன்னும் கற்காத விஷயம்.

கற்காததை மறுபடி எழுதச் சொன்னால் அதே பிழைதான் மறுபடி வரும். "வை யூ கேம் லேட்?" என்று எழுதுகிற பிள்ளை சோம்பேறி இல்லை. "நீ ஏன் லேட்டா வந்த?" என்று தமிழில் கேட்கும்போது வினைச்சொல் தன் இடத்தைவிட்டு நகர்வதில்லை, துணைவினை எதுவும் முன்னால் வருவதில்லை. "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்பதும் 'எ', 'த' விடுபடுவதும் இப்படிப்பட்டவைதான். தமிழில் ஆர்ட்டிகிள் என்பதே இல்லாதபோது, எட்டாம் வகுப்புப் பிள்ளை அதை எங்கே போடுவது என்று தடுமாறாமல் என்ன செய்யும்? இவற்றுக்கு முதலில் பாடம், பிறகுதான் மறுபடி எழுதுதல்.

ஒரே பிழை வகுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் யாரையும் மறுபடி எழுதச் சொல்லாதீர்கள். நாம் நடத்தியது போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். மறுநாள் கரும்பலகையில் அந்த வகை வாக்கியங்கள் ஐந்தாறு எழுதி, மறுபடி நடத்துங்கள்.

அப்படியானால் மறுபடி எழுதக் கேட்க வேண்டியது எது? நடத்தி முடித்து, மாணவன் ஒரு தடவையாவது சரியாகச் செய்து காட்டிய பிறகும் தப்பாக வருவது. கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு வேறு எதையோ எழுதியது. ஏனோதானோ என்று நாலு வரியில் முடித்தது. நல்ல விஷயம் கையில் இருந்தும் அதைச் சொல்லாமல் விட்டது. இந்தக் கடைசி வகையைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம். பிழையில்லாத வெறும் கட்டுரைக்கு 'குட்' போட்டு அனுப்பிவிடுகிறோம்.

படி 2: ஈரம் இருக்கும்போதே கேளுங்கள்

எரேமியா 18-ஆம் அதிகாரத்தில் குயவன் வீட்டுக் காட்சி எல்லோருக்கும் தெரிந்தது. சக்கரத்தில் வனைந்துகொண்டிருந்த பாண்டம் கெட்டுப்போகிறது. குயவன் அதே மண்ணை எடுத்து வேறொரு பாண்டமாக வனைகிறான். அடுத்த அதிகாரத்தைப் பிரசங்கங்களில் இவ்வளவு கேட்பதில்லை. அங்கே வருவது சுட்டெடுத்த கலயம். உடைத்தால் திரும்பச் சேர்க்க முடியாதது. ஆசிரியர்கள் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பேன்.

திங்கட்கிழமை எழுதிய பத்தியை மூன்று வாரம் கழித்துத் திருத்திக் கொடுத்து "மறுபடி எழுது" என்றால், அந்தப் பிள்ளைக்கு அதில் ஈரம் எதுவும் மிச்சமிருக்காது. என்ன நினைத்து எழுதினோம் என்பதே மறந்திருக்கும். இரண்டு மூன்று நாளுக்குள் திருப்பித் தர முடியாவிட்டால், மறுபடி எழுதச் சொல்லும் உரிமையை விட்டுவிடுங்கள். அடுத்த கட்டுரையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஐம்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் இது எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எல்லா நோட்டையும் ஒரே வாரத்தில் ஆழமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு கட்டுரைக்குப் பத்துப் பன்னிரண்டு பேரின் நோட்டை மட்டும் மறுபடி எழுதும் நோக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுடையதை மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த கட்டுரைக்கு வேறு பத்துப் பேர். ஒரு பருவத்துக்குள் எல்லோருக்கும் முறை வந்துவிடும். யார் எந்த வாரம் என்று வகுப்புச் சுவரிலேயே ஒட்டிவிட்டால், "என்னை மட்டும் ஏன்" என்ற கேள்வியும் எழாது.

நேரமும் இடமும் பள்ளிக்குள்ளேயே இருக்கட்டும். வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற பெண், மாலையில் அப்பாவின் கடையில் நிற்கிற பையன், ஸ்டடி மணி அடித்தால் விடுதியில் எல்லாப் பாடத்தையும் முடித்தாக வேண்டிய பிள்ளை, இவர்களுக்கெல்லாம் "வீட்டுக்குப் போய் மறுபடி எழுதி வா" என்பது இன்னொரு சுமை. வகுப்பிலேயே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்க மனம் வரவில்லை என்றால், கேட்கிற வேலை அவ்வளவு முக்கியமில்லை என்று நாமே முடிவு செய்துவிட்டோம்.

படி 3: முழுவதையும் கேட்காதீர்கள்

சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மிகப் பயிற்சிகளுக்கு 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது. அதில் 'மீள்செய்தல்' என்று ஒரு பயிற்சி உண்டு. ஏற்கெனவே தியானித்ததை அடுத்த வேளையில் மறுபடி எடுத்துக்கொள்வது. ஆனால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கச் சொல்லவில்லை அவர். எங்கே மனம் அதிகம் ஆறுதல் அடைந்ததோ, எங்கே வறண்டு போனதோ, அந்த இடத்துக்குத் திரும்பப் போய் அங்கேயே தங்கச் சொல்கிறார். ஆங்கில வகுப்புக்கு இதைவிட நல்ல வழிமுறை எனக்குத் தெரியவில்லை. கட்டுரை முழுவதையும் விட்டுவிட்டு, உயிர் இருக்கிற ஓர் இடத்தையோ உயிர் போன ஓர் இடத்தையோ பிடித்து, அதை மட்டும் கேளுங்கள்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனதைப் பற்றி எழுதினாள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறாள். நோட்டில் இருந்தது இதுதான்: "லாஸ்ட் இயர் வீ ஆர் கோயிங் டு வேளாங்கண்ணி. வீ சா த ஃபிளாக். மெனி பீப்பிள் கேம். மை பிரதர் ஷேவ்டு ஹிஸ் ஹெட். காட் பிளெஸ்டு அஸ். வீ வேர் வெரி ஹேப்பி."

சிவப்புப் பேனா முதலில் பாய்வது "ஆர் கோயிங்" மீது. அது சரிதான், ஆனால் அது கைத்தவறு. அடுத்த வரியிலேயே 'சா' என்று இறந்தகாலத்தைச் சரியாக எழுதியிருக்கிறாள் பாருங்கள். கோடு போட்டுக் காட்டினால் அவளே மாற்றிவிடுவாள். உண்மையில் கட்டுரை தூங்குகிற இடம் வேறு. தம்பிக்கு மொட்டை போட்டார்கள் என்று ஒரு வரி இருக்கிறதே, அங்கேதான் உயிர் இருக்கிறது. அவளிடம் கேட்டது இவ்வளவுதான்: "மொட்டை போட்டப்போ தம்பி என்ன பண்ணினான்மா? அதை மட்டும் மூணு வரி சேர்த்து எழுதிக் காட்டு."

இரண்டாம் முறை வந்ததில் ஒரு வரி: "இன் த பஸ் ஹி டச்சுடு ஹிஸ் ஹெட் அகெய்ன் அண்ட் அகெய்ன் அண்ட் ஆஸ்க்டு மை மதர் வென் இட் வில் கம் பேக்." இதிலும் 'வில்' என்ற இடத்தில் 'வுட்' வர வேண்டும். அதை அன்றைக்குத் தொடவில்லை. ஒரு தடவைக்கு ஒரு விஷயம் போதும். பஸ்ஸில் தலையைத் தடவிக்கொண்டு வருகிற சின்னப் பையனை ஆங்கிலத்தில் காட்ட முடியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தைரியம் இருந்தால் 'வுட்' அடுத்த மாதம் வந்து சேரும்.

படி 4: கேட்கும் விதம்

சேசு சபையின் 1599-ஆம் ஆண்டுக் கல்வித் திட்டமான ரேஷியோ ஸ்டுடியோரம், எழுத்து வேலையைத் திருத்துவது பற்றியும் பேசுகிறது. மாணவனைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் திருத்த வேண்டும், மற்றவர்கள் அந்நேரம் தங்கள் எழுத்து வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும் என்கிறது. எந்த விதி மீறப்பட்டது என்று காட்டி, எப்படிச் சரிசெய்யலாம் என்று மாணவனிடமே கேட்கச் சொல்கிறது. நன்றாக வந்ததைப் பாராட்டவும் சொல்கிறது. நானூறு ஆண்டுக்கு முந்தைய விதி, இன்றைக்கும் அப்படியே செய்யலாம். மத்தேயு 18:15-உம் இதையே வேறு சூழலில் சொல்கிறது. குறையை முதலில் அவனும் நீயும் தனித்திருக்கும்போது எடுத்துச் சொல்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒருவரை மேஜைக்கு அழையுங்கள். முதலில் வேலை செய்கிற ஒரு வரியைச் சுட்டிக் காட்டுங்கள். வெறுமனே 'குட்' என்று சொல்லாமல், அந்த வரி ஏன் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அப்புறம் ஒரே ஓர் இடத்தைக் காட்டிக் கேள்வியாகக் கேளுங்கள். "இந்த இடத்துல யார் பேசுறாங்கன்னு எனக்குப் புரியல தம்பி, படிக்கிறவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கலாம்?" அவன் வாயால் சொல்லட்டும், தமிழில் சொன்னாலும் சரி. சொன்ன பிறகு, "இதையே எழுது. நாளைக்கு மதியத்துக்குள்ள காட்டு" என்று முடித்துவிடுங்கள். ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

வகுப்புக்கு முன்னால் நோட்டைத் தூக்கிக் காட்டிப் படிக்க வேண்டாம். "சர்ச்சுக்குப் போற பிள்ளை இப்படியா எழுதுறது?" என்ற வாக்கியம் எந்த ஆசிரியர் வாயிலிருந்தும் வரக் கூடாது. "உங்க அப்பா பாஸ்டரா இருந்துக்கிட்டு..." என்று தொடங்குவதும் அப்படித்தான். ஆங்கிலத்தையும் பக்தியையும் ஒரே தராசில் வைத்தால் இரண்டுமே பிள்ளைக்குக் கசந்துவிடும்.

முதல் முறை திருப்பிக் கொடுக்கும்போது மார்க் போடாதீர்கள். ரூத் பட்லர் இஸ்ரேல் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆய்வு செய்து 1988-இல் வெளியிட்டது இதற்கு நல்ல ஆதாரம். கருத்து மட்டும் எழுதிக் கொடுத்த குழுவில் ஆர்வமும் வேலையும் மேம்பட்டன. மார்க் மட்டும் பெற்றவர்களிடம் அது நடக்கவில்லை. மார்க்கும் கருத்தும் சேர்த்துக் கொடுத்தபோதும் நடக்கவில்லை. நம் வகுப்பிலும் பார்க்கிறோமே, பத்துக்கு ஆறு என்று போட்டிருந்தால் பிள்ளை ஆறைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பெஞ்சின் மார்க்கைத்தான் பார்க்கும். நாம் எழுதிய வரியைப் படிக்காது.

நம்பிக்கை பற்றி எழுதும்போது

மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்கு வராத சிக்கல் இங்கேதான் வருகிறது. பைபிள் கதைகள், ஜெபத்தைப் பற்றிய கட்டுரை, கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்று நம் வகுப்புகளில் சமயம் சார்ந்த தலைப்புகள் நிறைய. எதை மறுபடி கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது?

நான் பயன்படுத்துகிற சோதனை ஒன்று உண்டு. கிறிஸ்தவரே அல்லாத ஓர் ஆங்கில ஆசிரியர், கையில் அந்தப் பாடப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, இதைத் தப்பு என்று சொல்வாரா? சொல்வார் என்றால் மறுபடி கேளுங்கள். நல்ல சமாரியன் கதையில் காயம்பட்டவனுக்கு உதவியது லேவியன் என்று ஒரு பிள்ளை எழுதினால் அது வாசிப்புப் பிழை. லூக்கா 10-ஐத் திரும்பப் படித்துவிட்டு அந்த வாக்கியத்தைச் சரிசெய்யச் சொல்லலாம். வேறு எந்தக் கதையாக இருந்தாலும் அதைத்தானே செய்வோம்.

அவர் தப்பு என்று சொல்ல மாட்டார் என்றால், கேட்காதீர்கள். 'ஜெபத்தின் வல்லமை' என்று தலைப்புக் கொடுத்தால், தாத்தாவுக்காக வீட்டில் எல்லோரும் ஜெபித்தோம், ஆனாலும் அவர் இறந்துவிட்டார், எனக்கு ஏன் என்று தெரியவில்லை என்று ஒரு பையன் எழுதக்கூடும். "முடிவை நல்லபடியா மாத்தி எழுது" என்று சொல்ல நம் நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். 88-ஆம் சங்கீதத்தை எடுத்துப் படியுங்கள். கடைசி வரி வரை இருள்தான். நம்பிக்கையூட்டும் முடிவு எதையும் ஒட்டாமலேயே அது வேதாகமத்தில் இருக்கிறது. சங்கீதக்காரனுக்கு இருந்த இடம் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கும் இருக்கட்டும். அவன் எழுத்தில் காலம், வாக்கிய அமைப்பு பற்றிச் சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அதுவும் அன்றைக்கே வேண்டாம். அவன் துக்கத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் நோட்டை மூடி வைத்துவிட்டுப் பேசுங்கள்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பள்ளி நூலகத்தைப் பற்றி எழுதினாலும், மழைக்காலத்தைப் பற்றி எழுதினாலும், கடைசியில் "சோ வீ ஷுட் ஆல்வேஸ் தேங்க் காட்" என்று ஒரு வரி வந்து உட்கார்ந்துவிடும். சிஸ்டருக்குப் பிடிக்கும், ஃபாதருக்குப் பிடிக்கும், மார்க் விழும் என்று பிள்ளைகள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டும் அல்ல, இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அதை எழுதுகிறார்கள். இந்த வரியை மறுபடி எழுதக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். "இந்த வரி எங்கிருந்து வந்தது? மேல எழுதினதுல எதுக்காக நன்றி சொல்ற? அதைக் காட்டு" என்று கேளுங்கள். அவளிடம் பதில் இருந்தால் அந்த வரிக்கு உயிர் வரும். இல்லாவிட்டால் அவளே அடித்துவிடுவாள். அடித்ததற்காக மார்க் குறையாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடவுளின் பெயரைப் பக்கத்தை நிரப்பப் பயன்படுத்த வேண்டாம் என்று கற்றுக்கொடுப்பது எனக்கு ஆங்கிலப் பாடமாகவும் தெரிகிறது, பக்திப் பாடமாகவும் தெரிகிறது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களை நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு நமக்குத் தருகிறது. அதே அரசியலமைப்பின் 28(3) பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற நிறுவனத்தில் படிக்கும் யாரையும் அவர் சம்மதமில்லாமல், மைனராக இருந்தால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதமில்லாமல், சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 'எனக்குப் பிடித்த பண்டிகை' என்ற தலைப்பில் ரம்ஜானைப் பற்றி எழுதிய பிள்ளையிடம் கிறிஸ்துமஸைப் பற்றி மறுபடி எழுதி வரச் சொல்வதற்கு எந்த நியாயமும் கிடையாது. சட்டம் இருக்கட்டும், அது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அவமரியாதை.

பார்த்து எழுதியிருந்தால்

கைடிலிருந்தோ, பக்கத்துப் பிள்ளையின் நோட்டிலிருந்தோ, இப்போது செல்போனில் கேட்டோ எழுதி வருவார்கள். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நேற்றுவரை "ஹி கோ" என்று எழுதியவன் இன்றைக்கு 'மோர்ஓவர்' என்று தொடங்குவான்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கலந்துவிடுகிறோம். பொய் ஒரு விஷயம், வேலை இன்னொரு விஷயம். பொய்யைப் பற்றித் தனியாகப் பேசுங்கள், பேசி முடித்துவிடுங்கள். வேலையை மறுபடி செய்வதைப் பொய்க்கான பரிகாரமாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தால், நேர்மையாக எழுதி மறுபடி எழுதுகிற மற்றப் பிள்ளைகளும் தங்களைத் தண்டிக்கப்பட்டவர்களாகத்தான் நினைப்பார்கள்.

மறுபடி எழுதச் சொல்லும்போது அதே தலைப்பைக் கொடுப்பதிலும் பயனில்லை. மனப்பாடம் பண்ணியதைத் திரும்பக் கொட்டுவான். சின்னதாக, அவனைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாத ஒன்றைக் கொடுங்கள். இன்று காலையில் வீட்டிலிருந்து பள்ளிக்கு வந்த வழியில் பார்த்தது, ஐந்து வரி, உங்கள் கண் முன்னால் உட்கார்ந்து. பிழையோடு வரட்டும். பார்த்து எழுதுகிற பிள்ளைகளில் பலர் சோம்பலால் அதைச் செய்வதில்லை. தன் ஆங்கிலம் காட்டுவதற்கு லாயக்கில்லை என்று நம்பிவிட்டார்கள். அந்த ஐந்து வரியை நீங்கள் மதித்துப் படிப்பதைப் பார்த்தால்தான் அந்த எண்ணம் மாறும்.

அசெம்பிளியில் வாசிக்கும்போது

காலை அசெம்பிளியில் ஆங்கில பைபிள் வாசகம், ஜெபம், செய்தி எல்லாம் பிள்ளைகள்தான் வாசிக்கிறார்கள். 'சாம்' என்று வாசிக்க வேண்டிய சங்கீதத்தின் பெயரை, முன்னால் 'பி' எழுத்து நிற்பதால், "ப்சாம்" என்று ஒருவன் வாசிப்பான். யோபுவின் பெயரை 'ஜோப்' என்று சொல்லாமல் வேலையைக் குறிக்கும் 'ஜாப்' என்று இன்னொருத்தி வாசிப்பாள். பின்வரிசையில் சிரிப்பு எழும்.

அந்த இடத்தில் நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொல்வதை முழுக்க விட்டுவிடுங்கள். மேடையில் நிற்பவருக்கு அது பாடமாக இருக்காது, காலத்துக்கும் மறக்காத வெட்கமாக இருக்கும். கேட்பவர்களுக்கும் வாசகம் அறுந்துபோகும். மறுபடி வாசிக்க வேண்டிய இடம் முந்தின நாள் ஒத்திகை. மதிய இடைவேளையில் ஐந்து நிமிடம் போதும். பெயர்களையும் கஷ்டமான சொற்களையும் முதலில் தனியே சொல்லவிட்டு, பிறகு பகுதியை இரண்டு தடவை வாசிக்க வையுங்கள், இரண்டாவது தடவை அறையின் மறுகோடியில் நின்று நீங்கள் கேளுங்கள். மேடையில் அதையும் தாண்டி ஒன்றிரண்டு தவறினால் தவறட்டும்.

மார்க்கை என்ன செய்வது?

மறுபடி எழுதியதற்கு முழு மார்க் தரலாமா என்பதில் ஆசிரியர் அறையில் சண்டையே நடக்கும். "முதல் தடவையே ஒழுங்கா எழுதினவளுக்கு இது அநியாயம் இல்லையா?" திராட்சைத் தோட்ட வேலையாட்கள் கதையில், கடைசியாக வந்தவர்களுக்கும் அதே கூலி கிடைத்தபோது, காலையிலிருந்து உழைத்தவர்கள் கேட்ட அதே கேள்வி. மத்தேயு 20-ஐ வகுப்பில் நடத்திவிட்டு, நோட்டில் மட்டும் பாதி மார்க் வெட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

இரண்டாம் முறை எந்தத் தரத்தில் வந்திருக்கிறதோ அதற்கான மார்க்கையே போடுங்கள். முதல் பிரதியைக் கிழிக்காமல் அதே நோட்டில் இருக்கவிடுங்கள், இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கும்போதுதான் பிள்ளைக்குத் தன் வளர்ச்சி தெரியும். முதல் தடவையே நன்றாக எழுதியவர்களுக்கும் மறுபடி எழுதும் வாய்ப்பைத் திறந்து வையுங்கள். நல்லதை இன்னும் நல்லதாக்க விரும்புகிற பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களை நாம் வழக்கமாக மறந்துவிடுகிறோம். தேர்வுத் தாள்களில் இதற்கு வழியில்லை, அது வேறு கணக்கு. நோட்டுக்கும் வகுப்பு வேலைக்கும் இதைத் தாராளமாகச் செய்யலாம்.

எப்போது நிறுத்துவது?

ஒரே இடத்துக்காக இரண்டு தடவைக்கு மேல் கேட்காதீர்கள். இரண்டாம் முறையும் வரவில்லை என்றால் பிள்ளைக்குத் தேவைப்படுவது வேறு உதவி. பக்கத்தில் உட்காருங்கள். தமிழில் சொல்லவிடுங்கள். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று சேர்ந்து யோசியுங்கள். முதல் வரியை நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வரியை அவனிடம் விடுங்கள். அதுவும் முடியாத நாளில், "சரி, இது போதும், அடுத்ததுல பாப்போம்" என்று சொல்லி அனுப்புங்கள்.

வீட்டில் ஒரு சாவு நடந்த வாரத்தில், காய்ச்சலிலிருந்து திரும்பிய முதல் நாளில், கட்டணம் கட்டவில்லை என்று ஆஃபீஸில் நிற்க வைத்த காலையில் எதையும் மறுபடி கேட்காதீர்கள். இந்த விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டுமானால் வகுப்பாசிரியரிடமும் விடுதிக் காப்பாளரிடமும் அடிக்கடி பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் நிலைமை மாறிவிடும். ரிவிஷன் டெஸ்ட் வரிசையாக வரும். அந்த மாதங்களில் பத்தி, கட்டுரை எதையும் முழுதாகத் திரும்ப எழுதச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு டெஸ்ட் தாளிலும் ஒரே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து, தாளைக் கொடுத்த அதே பீரியடில் ஓரத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை அவ்வளவு நெருக்கடி இல்லை, ஜூன் மாதத்திலேயே தொடங்கிவிடலாம். முதல் கட்டுரையை எழுத வைக்கும்போதே வலப்பக்கம் மட்டும் எழுதச் சொல்லி, இடப்பக்கத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். மறுபடி எழுதுவதற்கான இடம் அது என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.